மூக்கு வைத்த துணி

பம்பு மெக்கானிக்குக்குக் கடவுள்மேல் கோபதாபம் எதுவும் கிடையாது. கழற்றிப் பார்க்க முடியாத எதையும் அவர் நம்புவதில்லை, அவ்வளவுதான். தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிடுவார்கள். போவார், மோட்டாரைத் திறப்பார், தேய்ந்துபோன வாஷரை எடுத்து, "இந்தாங்க, இதுதான் உங்க பிரச்சினை" என்று வீட்டுக்காரரின் உள்ளங்கையில் வைப்பார். அப்படி உள்ளங்கையில் வைக்க முடியாத சமாசாரமெல்லாம் அவருக்கு வெறும் பேச்சு.

அவர் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. பதினெட்டு வருஷமாகிறது. கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்தக் கூடம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே நடப்பவர்களின் முழங்கால் வரைதான் தெரியும். உள்ளே ஆறு பெரிய இயந்திரங்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பிளீச் வாடை மூக்கில் ஏறும். நடுவில் ஆவியில் சூடேறிய உருளை. ஈர விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து அதற்குள் கொடுக்க வேண்டும். "விடு" என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் கையை எடுக்க வேண்டும். ஒருத்தி அசந்தால் துணி கோணலாகப் போய்விடும், விரலும் வெந்துபோகும். அந்தப் பக்கம் வந்து விழுகிற விரிப்பைச் சூடு ஆறுவதற்குள் மடித்து அடுக்கியாக வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு நானூறு.

அந்த நானூறில் எலும்பு வார்டுக்குப் போகிற அறுபதை மட்டும் அவள் தன் இஷ்டத்துக்கு மடிப்பாள். விரிப்பை நீளவாக்கில் பாதியாக்கி, ஒரு பாதியைக் கொசுவம்போல் அடுக்கி, தலைமாட்டு மூலையில் துணியின் முனையை மட்டும் நாலு விரல் அளவு வெளியே நீட்டிவிடுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் மூக்கு. மேஸ்திரி இதைச் செய்யச் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் கவனித்ததே இல்லை. பழகிப்போன கை வீட்டிலும் சும்மா இருக்காது. மெக்கானிக்கின் கைக்குட்டைக்கும் மூக்கு, துண்டுக்கும் மூக்கு, கிரீஸ் படிந்த பேண்டுக்கும் மூக்கு.

"துணிக்கெல்லாம் மூக்கு வச்சிட்டியே, மூச்சு விடுதான்னு பாத்தியா?" என்பார் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம்.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு வைக்கலாம்னு இருக்கேன். அந்த அளவுல கிடைக்கல" என்பாள்.

அந்த மடிப்பு எதற்கு என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அவளுடைய அப்பா இடுப்பெலும்பு முறிந்து இதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நடந்ததிலிருந்து ஆரம்பித்தாள். மெக்கானிக் அப்போது கட்டிலுக்கடியில் ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தார். "ம், ம்" என்றார். காதில் விழுந்தது பாதி, மனதில் தங்கியது அதிலும் பாதி.

மழை விட்ட ஒரு திங்கட்கிழமை, மூன்றுமாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணியில், ஏழாவது படியில் அவர் கால் வழுக்கியது. கையில் இருந்த வால்வை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்தார். வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய வலது இடுப்பெலும்பு இரண்டாகிவிட்டது.

எலும்பு வார்டில் அறைக்கு எட்டுக் கட்டில்கள். ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. பக்கத்துக் கட்டிலில் கையைத் தொங்கவிட்டபடி ஒரு பஸ் டிரைவர். வாய்க்கு மட்டும் பிரேக் இல்லாத மனுஷன். காலையில் பால், ரொட்டி, வேகவைத்த முட்டை. "இது ரொட்டியா, இல்ல நம்ம கட்டுக்கு வச்ச பஞ்சு மிச்சமா?" என்று டிரைவர் தினமும் கேட்பார், தினமும் மிச்சம் வைக்காமல் தின்பார்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். சின்னப் பெண்தான், ஆனால் பேச்சில் நிதானம் இருந்தது.

"உள்ள தகடு வச்சு ஆணி அடிக்கணும். வியாழக்கிழமை உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கேன். தள்ளிப்போட்டா எலும்பு கோணலா ஒட்டிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் கம்பு ஊணித்தான் நடக்கணும். ஏணி ஏறறதை மறந்துடுங்க."

"ஏணி ஏறாம எனக்கு என்ன பொழப்பு இருக்கு, டாக்டரம்மா?"

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

"மயக்க மருந்து உண்டா?"

"உண்டு. தூங்கி எழுந்தா முடிஞ்சிருக்கும்."

மெக்கானிக் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அண்ணனிடமும் இதையேதான் சொன்னார்கள். வேறோர் ஊர், வேறோர் ஆஸ்பத்திரி, குடல் இறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன். அண்ணன் நடந்து உள்ளே போனார். எழுந்திருக்கவில்லை. என்ன கோளாறு என்று யாரும் எடுத்து உள்ளங்கையில் வைக்கவில்லை.

"போட மாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"உள்ள இருக்கறவங்க யாரையும் எனக்குத் தெரியாது. எல்லாரும் முகத்தை மூடிக்கிட்டு நிப்பீங்க. நானும் கண்ணை மூடிக்கணும். முகம் தெரியாதவங்க கையில உயிரை எப்படிக் குடுக்கறது?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள் என்று போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை விரிப்பு மாற்ற வார்டு ஆயா வந்தாள். கனத்த உடம்பு, லேசான கை. முந்தின நாள் அவசரப் பிரிவில் இரண்டு பேர் சேர்ந்து அவரைப் புரட்டி விரிப்பு மாற்றியதில் கண்ணில் பூச்சி பறந்திருந்தது. அதனால் ஆயாவைப் பார்த்ததுமே கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கம்பியை விடுங்க, அது எங்கயும் ஓடாது" என்றாள் ஆயா. அவரை நல்ல பக்கமாக ஒரு சாண் சாய்த்தாள். மடித்த விரிப்பை முதுகோரம் வைத்து அழுத்தினாள். மெல்ல மல்லாக்கப் படுக்க வைத்தாள். கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய், தலைமாட்டில் எட்டிப் பார்த்த துணி முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. அடியில் கொசுவம் பிரிந்து, விரிப்பு சரசரவென்று கட்டில் முழுக்க ஓடிவந்தது. அவர் கத்துவதற்காக இழுத்து வைத்திருந்த மூச்சு வீணாகப் போனது.

"எப்படி ஆயா இது?"

"மூக்கு வச்ச துணி. எங்க வார்டுக்குன்னு தனியா வருது. வேற துணின்னா ரெண்டு ஆளு வேணும், உங்களை ரெண்டு தரம் புரட்டணும். நீங்க போடற சத்தத்துக்கு மாடியில இருக்கறவங்க எறங்கி வருவாங்க."

"யாரு மடிக்கறாங்க?"

"யாரு கண்டா? கீழ யாரோ ஒரு புண்ணியவதி. நான் பாத்ததில்ல."

மெக்கானிக்குக்குக் காதுமடல் சூடானது. பதினெட்டு வருஷமாகத் தான் அலமாரி முன்னால் நின்று அடித்த கிண்டல் ஒவ்வொன்றும் வரிசையாக வந்து நின்றது. டிரைவர் காதில் போட்டால் வார்டு முழுக்க ஹாரன் அடித்துவிடுவார் என்று மத்தியானம் வரை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"அது என் வீட்டுக்காரி மடிக்கறது" என்றார்.

"எது?"

"நீங்க படுத்திருக்கீங்களே, அது."

டிரைவர் தன் விரிப்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். "அண்ணே, இதை மொதல்லயே சொல்லியிருந்தா டீயைச் சிந்தாமக் குடிச்சிருப்பேன்ல" என்றார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். வேலை முடிந்து கைகால் கழுவியும் பிளீச் வாடை போகவில்லை. ஆரஞ்சை உரித்துச் சுளையின் நாரைக்கூட எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

"இன்னைக்குத் துணி நல்லா இருந்திச்சு" என்றார் மெக்கானிக். இதைவிடப் பெரிய பாராட்டு அந்த வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

"மூச்சு விட்டுச்சா?"

அவர் சிரிக்கப் போய் இடுப்பு வலித்து நிறுத்திக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டா என்னங்க?" என்றாள் நைசாக.

"துணி வேற, கத்தி வேற. இதை மடிச்சது நீ. புருஷன் படுத்திருக்கான்னு பாத்துப் பாத்து மடிச்சிருக்கே. அதுல என்ன அதிசயம்? அங்க உள்ள யாரு எனக்கு ஒறவு?"

அவள் கையில் இருந்த சுளையைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"பதினெட்டு வருஷமா உங்களுக்காகவா மடிச்சேன்? நீங்க இடுப்பை ஒடைச்சுக்கிட்டு வருவீங்கன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? எங்கப்பாவைப் புரட்டும்போது அவர் பல்லைக் கடிச்சிக்கிட்டு என்னையே பாத்தாரு. அந்தப் பார்வை என் கண்ணைவிட்டுப் போகல. இன்னொருத்தர் வீட்டுப் பொண்ணு அப்படி நின்னு பாக்கக்கூடாதுன்னு மடிச்சேன். யாரு படுக்கறான்னு எனக்கும்தான் தெரியாது."

மணி அடித்துப் பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னார்கள். அவள் போன பிறகு அந்தச் சுளையை அவர் வெகுநேரம் தின்னாமல் வைத்திருந்தார்.

புதன்கிழமை அண்ணி வந்தாள். அண்ணன் போன பிறகு தையல் இயந்திரத்தை வைத்தே குடும்பத்தைக் கரைசேர்த்தவள். இவள் வேண்டாம் என்று சொன்னால் தன் பக்கம் ஓர் ஆள் கிடைக்கும் என்று மெக்கானிக் நினைத்தார்.

"நீங்களே சொல்லுங்க அண்ணி. அண்ணனைக் குடுத்துட்டு வந்து நின்னவங்க நீங்க. ஒங்களுக்கு நம்பிக்கை வருதா?"

அண்ணி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நம்பிக்கையா? அதை நான் எங்க போயித் தேடறது, தம்பி? அன்னைக்கு உங்கண்ணன் உள்ள போனப்ப செருப்பை வெளியவே கழட்டிப் போட்டுட்டுப் போனாரு. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, என்னைக்கு ஒழுங்கா கழட்டியிருக்காரு. அங்க தரை தொடைக்கற ஒரு ஆளு வந்தாரு. ரெண்டையும் ஜோடி சேத்து, வெளிய வந்ததும் கால் நுழைக்கற மாதிரி திருப்பி வச்சிட்டுப் போனாரு."

"அதுக்கென்ன இப்ப? அண்ணன் வரலியே."

"வரல. ஆனா அந்தாளு, வருவார்னு வச்சாரு. யாரோ, எவரோ. நான் இத்தனை வருஷம் மெஷின்ல உக்காந்தது எதைப் பிடிச்சிக்கிட்டுன்னு கேட்டா, அந்தச் செருப்பைத்தான் சொல்லுவேன். நல்லதை நினைச்சுத்தானே ஒருத்தர் குனிஞ்சாரு. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. கையெழுத்து உங்க இஷ்டம்."

எழுந்து போகும்போது அவருடைய போர்வையின் கால்பக்கத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

இங்கே சலவைக்கூடத்து விவகாரம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உருளையின் மறுமுனையில் முன்பு மெக்கானிக்கின் மனைவியோடு நின்றவள் ஒரு இடதுகைக்காரி. எல்லோரும் ஒரு கணக்கில் கையை விட்டால் அவள் வேறொரு கணக்கில் விடுவாள். ஒருநாள் துணி சிக்கி மனைவியின் இரண்டு விரல் வெந்தது. "பீச்சாங்கைக்காரியோட எவ நிப்பா?" என்றாள் இவள். "மூக்கு வச்சவளுக்கு நாக்கு நீளம்" என்றாள் அவள். மேஸ்திரி இருவரையும் வேறு வேறு மேஜைக்கு மாற்றினார். அது நடந்து ஆறு வருஷம். ஒரே கூடத்தில், பத்தடி தூரத்தில், ஒரு வார்த்தை பேச்சு இல்லை. மெக்கானிக்குக்கு இந்தச் சண்டை வரிவரியாகத் தெரியும். ஆறு வருஷமாக ராச்சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது அது.

வியாழக்கிழமை காலை ஆயா வந்தாள். வழக்கம்போல் ஒரு சாண் சாய்த்தாள், துணியை முதுகோரம் வைக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

"இது என்ன கூத்து? மூக்கு அந்தப் பக்கம் இருக்கவேண்டியது இந்தப் பக்கம் வந்து நிக்குது."

துணியை முன்னும் பின்னும் புரட்டினாள். வேறு வழியில்லாமல் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிவைத்தாள். இப்போது மூக்கு சரியான பக்கம் வந்தது, ஆனால் காலடிக்குப் போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே கட்டிலைச் சுற்றிப் போய், காலடியில் குனிந்து இழுத்தாள். விரிப்பு வந்துவிட்டது. முதல்நாள் அளவுக்கு வழவழவென்று வரவில்லை. நடுவில் ஒரு சுருக்கம் அவர் முதுகில் உறுத்தியது.

"ஆயா, வண்டியில இன்னும் இருக்கா? ஒண்ணு குடுங்க பாக்கலாம்."

ஆயா கொடுத்த மடிப்பை மெக்கானிக் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, பழுதான பம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கொசுவத்தை விரலால் நீவினார். ஒவ்வொரு மடிப்பும் எதிர்த்திசையில் ஓடியது. இடது மரை போட்ட திருகாணி எப்போதாவது கைக்கு வரும். எல்லாத் திருகாணியும் ஒரு பக்கம் சுற்றினால் அது மறுபக்கம் சுற்றும். தெரியாதவன் கெட்டுப்போனது என்று தூக்கி எறிவான். மெக்கானிக் அப்படி எதையும் எறிந்ததில்லை. இந்த மடிப்பில் ஒரு கோளாறும் இல்லை. இது இடது கை மடித்தது.

எட்டு மணிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு மனைவி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"நீ இன்னைக்கு வேலைக்குப் போகலியா?" என்றார்.

"எப்படிப் போறது? நேத்து மத்தியானமே மேஸ்திரிகிட்ட லீவு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். பத்து மணிக்குள்ள உங்ககிட்ட எப்படியாவது…"

"யாருக்கும் மடிக்கச் சொல்லிக் குடுத்தியா?"

"எதை?"

அவர் நெஞ்சிலிருந்த துணியை நீட்டினார். அவள் வாங்கினாள். ஒரு பார்வைதான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது அவ கை" என்றாள்.

"ஆமா."

"என்கிட்ட பேசவே மாட்டாளேங்க. மேஸ்திரிகிட்ட நான் சொல்லும்போது முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா. காதுல விழுந்திருக்கு போல." துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆறு வருஷமா பத்தடி தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருந்திருக்கா. பாத்துப் பாத்து, அப்படியே கண்ணாடியில தெரியற மாதிரி மடிச்சிருக்கா. மூக்கைக் கூட நாலு விரல்தான் விட்டிருக்கா. அறுபதும் மடிச்சிருப்பாளா?"

"ஆயா வண்டியைப் பாத்தேன். அறுபதும்தான்."

அவள் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மெக்கானிக் அவளுடைய முதுகில் கையை வைத்தார். அந்த இடதுகைக்காரியை அவர் பார்த்ததே கிடையாது. அவளும் அவரைப் பார்த்ததில்லை. அவர் எலும்பு கூடினாலும் கூடாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுமில்லை. வேண்டாதவளின் புருஷன் புரளும்போது வலிக்கக்கூடாது என்று, தெரியாத வேலையைத் தெரிந்த கையால் செய்திருக்கிறாள். தப்பாகத்தான் செய்திருக்கிறாள். அந்தத் தப்பு இல்லாவிட்டால் யார் செய்தது என்றே தெரிந்திருக்காது. இதை உள்ளங்கையில் எடுத்து வைத்தாயிற்று, இனி என்ன காட்ட வேண்டும் என்று தோன்றியது அவருக்கு.

"அந்தக் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லு" என்றார்.

"எந்தக் காகிதம்?"

"கையெழுத்துக் காகிதம். பத்து மணிக்குள்ள குடுத்தாகணும்."

அவள் எழுந்தாள். வாசல்வரை போனவளைக் கூப்பிட்டார்.

"இந்தா, கேளு. என்னை உள்ள தள்ளிக்கிட்டுப் போனப்புறம் நீ வெளிய ஒக்காந்து அழுதுக்கிட்டு இருக்காதே. கீழ போ. மூக்கு எந்தப் பக்கம் வரணும்னு அந்தப் பொம்பளைக்குக் காட்டிக் குடு."

"நான் எப்படிங்க போய் மொதல்ல பேசறது?"

"வாயாலதான். பூட்டு கிடைக்கலைன்னியே, அது நல்லதாப் போச்சு."

மத்தியானம் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாளில் ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டு, கீழே ஸ்பேனர் பிடித்து நிற்பவர்களிடம் அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை இதற்குமேல்தான் வரும்.

பெரிய விளக்குக்குக் கீழே, அவர் பயந்தபடியேதான் எல்லாம் இருந்தது. ஆறு பேர், ஆறு முகமூடி. யார் டாக்டரம்மா என்றுகூடத் தெரியவில்லை. நாலு பேர் விரிப்பின் நாலு மூலையையும் சுருட்டிப் பிடித்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒருவர் சொல்ல, நாலு பேரும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். கீழே உருளையடியில் "விடு" என்றதும் கையை எடுப்பார்களே, அந்த ஒழுங்கு அப்படியே இதில் இருந்தது. விரிப்போடு மேஜைக்குப் போய்ச் சேர்ந்தார். இடுப்பு அலுங்கவில்லை. முதுகில் அந்தச் சுருக்கம் மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது. அதை அவர் சரிசெய்யச் சொல்லவில்லை.

மயக்க டாக்டர் தலைமாட்டில் குனிந்தார். "பயமா இருக்கா? கூட யாரு வந்திருக்காங்க?"

"வீட்டுக்காரி வந்திருக்கா. அப்புறம் கீழ ஒரு பீச்சாங்கைக்காரி இருக்காங்க."

"கீழயா? எந்த மாடியில?"

"மாடியில இல்ல, டாக்டர்" என்றார் மெக்கானிக். "என் முதுகுக்குக் கீழ."

மயக்க டாக்டர் நிமிர்ந்து, கையிலிருந்த ஊசியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்து இன்னும் முழுசாக ஊசிக்குள்ளேயே இருந்தது.